சுண்டும் கொத்தும் கணக்குக் கொப்பியும்

பாடசாலை இடைவேளையில் வேப்பமர நிழலில் நாலைந்து சிறுமிகள் வட்டமாகக் குந்தியிருந்தால், நடுவில் கொக்கான் கற்கள் கிடக்கும். வட இலங்கையின் வன்னியில் வளர்ந்த எவருக்கும் அந்த ஆட்டம் தெரியும். ஐந்து கல். ஒன்றை மேலே எறிந்து, அது கைக்குத் திரும்பி வருமுன் தரையில் கிடக்கும் நான்கையும் அள்ள வேண்டும். முதல் சுற்றில் ஒவ்வொன்றாக, அடுத்த சுற்றில் இரண்டிரண்டாக. மூன்றாம் சுற்றில் மூன்றை ஒரே வீச்சில் அள்ளி, மிஞ்சிய ஒன்றைத் தனியே எடுக்க வேண்டும். கடைசியில் நான்கும் ஒரே பிடியில் வர வேண்டும்.

அந்தச் சிறுமியின் விரல்கள் செய்வதை எழுதிப் பார்ப்போம். 1+1+1+1. பிறகு 2+2. பிறகு 3+1. பிறகு 4. நான்கு என்ற எண்ணைப் பிரிக்கக்கூடிய ஐந்து வழிகளில் நான்கை அவள் ஒரு நாளைக்குப் பல தடவை கையால் செய்கிறாள். 2+1+1 மட்டும் ஆட்டத்தில் இல்லை. மூன்றாம் சுற்றில் கல்லை எறிவதற்கு முன்பே எந்த மூன்று, எந்த ஒன்று என்று அவள் கண் தீர்மானித்துவிடுகிறது. எண்ணிப் பார்க்க அவளுக்கு நேரமில்லை, எறிந்த கல் அவளுக்காகக் காத்திருக்காது.

மணி அடித்து வகுப்புக்குள் வந்ததும் கரும்பலகையில் 3 + □ = 4 என்றொரு கணக்கு. அதே பிள்ளை பென்சிலைக் கடித்துக்கொண்டு இருக்கிறாள். அல்லது பெட்டிக்குள் 7 என்று எழுதுகிறாள். கூட்டல் குறி இருக்கிறது, இரண்டு எண்கள் இருக்கின்றன, ஆகவே கூட்டிவிட்டாள். வெளியே கை அறிந்திருந்தது கொப்பியில் வந்து சேரவில்லை. அது ஏன் வந்து சேர்வதில்லை, வர வைக்க ஓர் ஆசிரியர் என்ன செய்யலாம் என்பதுதான் இந்த அத்தியாயம்.

பிள்ளை வெறுங்கையோடு பாடசாலைக்கு வருவதில்லை என்பது இன்று உளவியலில் சர்ச்சைக்குரிய கருத்து அல்ல. 1968இல் அமெரிக்க உளவியலாளர் டேவிட் ஆசுபெல் கல்வி உளவியல் பற்றிய தன் பெரிய நூலின் முகப்பிலேயே இதை வைத்தார். கற்றலைத் தீர்மானிக்கும் காரணிகளில் தலையாயது, கற்பவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்பதே. அதைக் கண்டறிந்து அதிலிருந்து கற்பியுங்கள் என்பது அவர் வாதம். 1992இல் கேரன் வின் இன்னும் பின்னால் போனார். ஐந்து மாதக் குழந்தையின் முன் ஒரு பொம்மையை வைத்து, திரையால் மறைத்து, இன்னொரு பொம்மையையும் திரைக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். திரை விலகும்போது ஒரே ஒரு பொம்மை இருந்தால் குழந்தை அதை நெடுநேரம் உற்றுப் பார்த்தது. பேசத் தெரியாத குழந்தையும் ஒன்றோடு ஒன்று சேர்ந்தால் எத்தனை வரும் என்று ஏதோ ஒரு வகையில் எதிர்பார்க்கிறது.

முன்னறிவு இவ்வளவு முக்கியமாவதற்குக் காரணம் மூளையின் ஒரு குறைபாடு. ஒரே நேரத்தில் மனதில் பிடித்து வைத்து வேலை செய்யக்கூடிய விடயங்கள் மிகக் குறைவு. நெல்சன் கோவன் 2001இல் செய்த மதிப்பீட்டின்படி வளர்ந்தவருக்கே அது ஏறக்குறைய நாலுதான்; ஆறு வயதுப் பிள்ளைக்கு அதிலும் குறைவு. ஆனால் ஏற்கெனவே தெரிந்த ஒன்று, எத்தனை உறுப்புகளைக் கொண்டிருந்தாலும், ஒரே பொதியாகத்தான் இடம் பிடிக்கும். 1973இல் வில்லியம் சேஸும் ஹேர்பர்ட் சைமனும் சதுரங்க வல்லுநர்களை வைத்து இதைக் காட்டினார்கள். உண்மையான ஆட்டத்தின் நடுவே காய்கள் நிற்கும் பலகையைச் சில விநாடிகள் காட்டி மறைத்தால், வல்லுநர் அதில் பெரும்பகுதியைத் திரும்ப அடுக்கிவிடுகிறார். அதே காய்களைக் கண்டபடி சிதற வைத்துக் காட்டினால், அவருக்கும் புதிதாக ஆடப் பழகியவருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வல்லுநரிடம் இருந்தது தனி ஞாபகசக்தி அல்ல. பழகிய அமைப்புகள் இருந்தன.

7 + 5 என்ற கணக்கில் தடுமாறும் பிள்ளையின் மனதில் ஏழு தனித்தனி ஒன்றுகளும் ஐந்து தனித்தனி ஒன்றுகளும் நெரிபடுகின்றன. கொக்கானின் இரண்டாம் சுற்றில் கையில் மூன்று, தரையில் இரண்டு என்று ஐந்தைப் பார்த்துப் பழகிய பிள்ளைக்கு, ஏழுக்கு மூன்றைக் கொடுத்துப் பத்தாக்கி, மிஞ்சிய இரண்டைச் சேர்ப்பது இரண்டே நகர்த்தல்தான். ஆனால் கை அறிந்ததும் கொப்பிக் கணக்கும் ஒன்றுதான் என்று யாராவது அவளுக்குக் காட்டியிருக்க வேண்டும்.

தானாக அது நடக்காது. இதற்கு மிகத் தெளிவான சான்று பிரேசிலின் ரெசிஃபே நகரத் தெருக்களிலிருந்து வந்தது. தெரேசின்யா நூனெஸ் கராஹெர், டேவிட் கராஹெர், அனலூசியா ஷ்லீமன் மூவரும் 1985இல் வெளியிட்ட ஆய்வு அது. சந்தையிலும் தெருமுனையிலும் பெற்றோருக்கு உதவியாகப் பொருள் விற்ற, 9 முதல் 15 வயது வரையான ஐந்து பிள்ளைகளிடம் ஆய்வாளர்கள் வாடிக்கையாளர்போல் போய் நின்றார்கள். ஒரு சிறுவனிடம் பத்துத் தேங்காய் கேட்டார்கள். ஒன்று 35 குருசேரோ. பாடசாலையில் அவன் படித்த விதிப்படி பத்தால் பெருக்க ஒரு பூச்சியத்தைச் சேர்த்தால் போதும். அவன் அப்படிச் செய்யவில்லை. மூன்று தேங்காய் 105 என்பது அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கலாம். 105, இன்னொரு மூன்று 210, இன்னொரு மூன்று 315, மிஞ்சிய ஒன்று, 350. தெருவில் இந்தப் பிள்ளைகளின் விடைகளில் 98 சதவீதம் சரி. அதே எண்களைத் தாளில் வெறும் கணக்காக எழுதிக் கொடுத்தபோது சரியானவை 37 சதவீதம். கதைக் கணக்காகக் கொடுத்தபோது நடுவே, 74 சதவீதம்.

நம் பக்கத்தில் கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளிடமும் இதையே கண்டார்கள். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் 2025இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு மறுபக்கத்தையும் சேர்த்துக் காட்டியது. கடையில் சிக்கலான கணக்கை மனதால் முடிக்கும் பிள்ளைகள் பாடப்புத்தகக் கணக்கில் தடுக்கினார்கள். பாடப்புத்தகக் கணக்கை எளிதாகச் செய்த பாடசாலைப் பிள்ளைகள் சந்தைக் கணக்கில் தடுக்கினார்கள். சந்தைப் பிள்ளைகள் கணக்கில் கெட்டிக்காரர், ஆகவே தாளிலும் செய்துவிடுவார்கள் என்று நம்பிச் சும்மா இருப்பது, அவர்களைக் கைவிடுவதற்குச் சமம்.

ரெசிஃபேயை விட வன்னிக்கு நெருக்கமாக எனக்குத் தோன்றுவது மேற்கு ஆபிரிக்காவின் லைபீரியா. அங்கே நெல் விளைவிக்கும் கிபெல்லே மக்களிடையே 1960களில் ஜோன் கேயும் மைக்கேல் கோலும் வேலை செய்தார்கள். பாடசாலைப் பிள்ளைகள் கணிதத்தில் பின்தங்கியிருக்கிறார்களே என்ற கவலையில் தொடங்கிய ஆய்வு அது. 1967இல் அவர்கள் எழுதிய நூல் கவலையின் திசையையே மாற்றியது. ஒரு பாத்திரத்தில் அரிசியைக் குவித்து, இதில் எத்தனை பேணி இருக்கும் என்று கேட்டால், எழுத்தறியாத கிபெல்லே விவசாயி படித்த அமெரிக்கர்களை விடச் சரியாகச் சொன்னார். அவர் வாழ்நாள் முழுவதும் பேணியால் அரிசி அளந்தவர். பாடசாலையோ அந்தப் பிள்ளைகளுக்குப் பேணியை மறக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

கிளிநொச்சி வீடொன்றின் குசினிக்குள் போனால் அதே பேணி இருக்கும். நாலு சுண்டு ஒரு கொத்து, முப்பத்திரண்டு கொத்து ஒரு புசல். பல வீடுகளில் பழைய ரின்பால் பேணிதான் சுண்டு. கிலோக் கணக்கு வந்து எத்தனையோ காலமாகியும் நெல்லுக்குப் புசலும் சோற்றுக்குச் சுண்டும் போகவில்லை. வயலில் ஏக்கருக்கு இரண்டு புசல் விதைநெல் என்ற கணக்கு, சமையலில் ஆளுக்கு எவ்வளவு அரிசி என்ற கணக்கு, இரண்டையும் பிள்ளை கேட்டுக்கொண்டே வளர்கிறது. “மாமாக்களும் வருகினம், இன்னும் ரெண்டு சுண்டு கூடப் போடு பிள்ளை” என்று அம்மம்மா சொல்லும்போது நடப்பது விகிதக் கணக்கு.

தரம் 2 அல்லது 3 வகுப்பில் இந்தச் சுண்டை எப்படி எடுத்தாளலாம் என்று கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். ஒரு பானையில் அரிசி, அரிசி வீணாகும் என்றால் மணல். ஒரு சுண்டு, ஒரு கொத்து. முதலில் அளக்க விடாமல் கேட்க வேண்டும், இதில் எத்தனை சுண்டு வரும்? விடைகளைக் கரும்பலகையில் எழுதிவிட்டு அளக்க வேண்டும். 27 சுண்டு வந்தது என்று வைத்துக்கொள்வோம். இதையே கொத்தால் அளந்தால் எத்தனை கொத்து? சில பிள்ளைகள் நாலு நாலாகக் கோடு போட்டு வட்டமிடுவார்கள். சிலர் 4, 8, 12 என்று சொல்லிக்கொண்டே போவார்கள். ஒருத்தி, “பத்துக் கொத்தெண்டா நாப்பது, அவ்வளவு வராது. அஞ்செண்டா இருவது” என்று தொடங்குவாள். ஆசிரியர் கேட்க வேண்டியது விடையை அல்ல. “நீ எப்பிடிக் கண்டுபிடிச்சனீ?” என்று கேட்க வேண்டும். ஆறு கொத்து, மூன்று சுண்டு மிச்சம். வகுத்தலும் மீதியும் வந்துவிட்டன, அந்தச் சொற்கள் இன்னும் வரவில்லை.

அடுத்த அடியை விட்டுவிட்டால் செய்தது எல்லாம் விளையாட்டோடு நின்றுவிடும். ஒருத்தி கோடு போட்டு வட்டமிட்டதைக் கரும்பலகையில் அவள் போட்டபடியே வரைய வேண்டும். அதன் கீழே 4+4+4+4+4+4+3 = 27 என்று எழுத வேண்டும். அதன் கீழே 6×4+3 = 27. அதன் கீழே 27÷4 = 6, மீதி 3. ஒவ்வொரு வரியையும் எழுதிவிட்டு, இதில் கொத்து எங்கே, மிச்சச் சுண்டு எங்கே என்று பிள்ளையைத் தொட்டுக் காட்டச் சொல்ல வேண்டும். ஆறு என்பதைத் தொட்டு “இது கொத்து” என்றும் நாலைத் தொட்டு “ஒரு கொத்துக்குள்ள இருக்கிற சுண்டு” என்றும் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குக் குறியீடு பிடிபட்டுவிட்டது. சொல்லத் தெரியாத பிள்ளை இன்னொரு தடவை பேணியைக் கையில் எடுக்க வேண்டும். ரெசிஃபேச் சிறுவனுக்குக் கிடைக்காமல் போனது இந்த நாலு வரிகள்தான். 105, 210, 315 என்று அவன் சொன்னதை எழுதி, இதுவும் 35×10 என்பதும் ஒன்றுதான் என்று அவனோடு உட்கார்ந்து காட்ட ஆளில்லை.

சுண்டிலிருந்து இடப்பெறுமானத்துக்கும் போகலாம். நாலு சேர்ந்ததும் ஒரு கொத்தாக மாறுவது போல, பத்து ஈர்க்கு சேர்ந்ததும் ஒரு கட்டாகிறது. பத்துக் கட்டு சேர்ந்தால் ஒரு பெரிய கட்டு. சேர்ந்ததும் பெயர் மாறும் என்ற எண்ணம் வீட்டிலிருந்து வருகிறது. ஆனால் 43 என்று எழுதும்போது 4 என்ற இலக்கம் இடது பக்கம் இருப்பதாலேயே நாற்பதைக் குறிக்கிறது என்பது எந்தக் குசினியிலும் இல்லை. அது மனித இனம் நூற்றாண்டுகள் எடுத்துக் கண்டுபிடித்த எழுத்து முறை. அதைப் பாடசாலைதான் கற்பிக்க வேண்டும். முன்னறிவு எதுவரை கொண்டுபோகும், எங்கே நின்றுவிடும் என்று தெரிந்த ஆசிரியர் அந்த இடத்தில் மெதுவாகப் போவார்.

இங்கே ஒரு பரவலான தவறைச் சொல்லியாக வேண்டும். பாடத்தை உள்ளூர்மயப்படுத்துகிறோம் என்று அப்பிளை எடுத்துவிட்டுப் பனம்பழத்தைப் போடுகிறார்கள். “கண்ணனிடம் 5 பனம்பழங்கள் இருந்தன, 3ஐக் கொடுத்தான்.” பழத்தின் பெயர் மாறியதால் பிள்ளையின் எந்த அறிவும் வகுப்புக்குள் வரவில்லை. பிள்ளை தன் கையால் எதைச் செய்திருக்கிறது, எதைத் தீர்மானித்திருக்கிறது, எதில் ஏமாறாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதே முன்னறிவு. அளத்தல், பங்கிடல், மிச்சக் காசு வாங்கல், வரிசையில் தன் முறை எப்போது வரும் என்று கணித்தல், எல்லாம் வினைகள். வினையைக் கொண்டுவர முடிந்தால் பழம் அப்பிளாகவே இருந்தாலும் பரவாயில்லை.

இன்னொரு தவறு இதைவிட நுட்பமானது. ஆசிரியரின் முன்னறிவைப் பிள்ளையின் முன்னறிவாக எண்ணிக்கொள்வது. தசமத்தைத் தொடங்க ரூபாவையும் சதத்தையும் எடுப்பது நம் வழக்கம், ரூ. 12.50 என்றால் பன்னிரண்டு ரூபா ஐம்பது சதம். எனக்கு அது விளங்கியது, ஏனென்றால் சதக் குற்றிகளை நான் செலவழித்திருக்கிறேன். 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் நினைவு தெரிந்த பிள்ளை சதத்தைக் கண்டதேயில்லை. அதனிடம் ஒரு ரூபாவுக்கே வாங்க ஒன்றுமில்லை. தெரியாத தசமத்தைத் தெரியாத சதத்தால் விளக்குகிறோம். அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த தசமம் கடையில் இருக்கிறது. இலத்திரனியல் தராசில் சீனியைக் கொட்டும்போது 0.480, 0.495, 0.500 என்று ஓடி நிற்கும் இலக்கங்களை அது வாய் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறது. 1.250ஐயும் 1.5ஐயும் கொடுத்து எது பெரிது என்று கேட்டால், 250 ஐந்தை விடப் பெரியது என்று முதலாவதைக் காட்டும் பிள்ளைகள் உலகெங்கும் உண்டு. தராசு ஒன்றரைக் கிலோவை 1.500 என்று காட்டுவதை நினைவூட்டி, கடைசி இரண்டு பூச்சியங்களையும் மறைத்தால் என்ன ஆகும், சீனி குறையுமா என்று கேட்டால் விவாதம் தொடங்கும்.

ஆனால் முன்னறிவு எப்போதும் உதவுவதில்லை. சில நேரம் அதுவே தடை. முழு எண்களில் நாலு இரண்டை விடப் பெரியது என்று நன்றாகக் கற்ற பிள்ளைதான், ¼ஐயும் ½ஐயும் பார்த்து ¼ பெரியது என்கிறது. இதைக் கவனயீனம் என்று திட்டுவது அநியாயம். முன்பு கற்றுக்கொடுத்ததைப் பிள்ளை உண்மையாகப் பின்பற்றுகிறது. அதே பிள்ளையைக் கடைக்கு அனுப்பி அரை இறாத்தல் பாண் வாங்கி வரச் சொன்னால், கால் இறாத்தலைக் கொடுத்து ஏமாற்ற எவராலும் முடியாது. இரண்டு அறிவும் ஒரே தலைக்குள், சந்திக்காமல் இருக்கின்றன. கரும்பலகையில் ½, ¼ இரண்டையும் எழுதி, அரைப் பாணுக்கும் கால் பாணுக்கும் நேராகப் பிள்ளையையே அவற்றை வைக்கச் சொல்வது அவற்றைச் சந்திக்க வைக்கும். அதோடு ⅓ஐயும் கேட்க வேண்டும், பாண்கடை அதைப் பழக்கியிருக்காது. ஒரு பாணை மூன்று பேர் பங்கிட்டால் ஒருவருக்கு வருவது கூடவா, நாலு பேர் பங்கிட்டால் வருவது கூடவா? வீட்டில் தங்கச்சி பிறந்ததும் தன் பங்கு சுருங்கியதை நேரில் கண்ட பிள்ளைக்கு, கீழே உள்ள எண் கூடினால் துண்டு சிறுக்கும் என்பது சட்டென்று புரியும்.

சமக்குறியும் இப்படித்தான். 8 + 4 = □ + 5. அமெரிக்காவில் கேரன் ஃபோக்னர், லிண்டா லெவி, தோமஸ் கார்பென்டர் ஆகியோர் 1999இல் எழுதிய கட்டுரையில் ஒரு செய்தி உண்டு. இந்தக் கணக்கை 145 ஆறாம் வகுப்பு மாணவர்களிடம் கொடுத்தபோது எல்லோரும் பெட்டிக்குள் 12 என்றோ 17 என்றோ எழுதினார்கள். ஒருவர்கூட 7 என்று எழுதவில்லை. ஆறு ஆண்டுகள் அவர்கள் கண்ட சமக்குறி “இதோ விடை வருகிறது” என்று மட்டும் சொன்னது, அதையே அவர்கள் கற்றுக்கொண்டார்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு என்ற பொருளை விளக்கப் பாடப்புத்தகங்கள் இரட்டைத் தட்டுத் தராசைப் போடுகின்றன. அந்தத் தராசு கடைகளிலிருந்து போய்க்கொண்டிருக்கிறது. முன்பள்ளி முற்றத்துச் சீசோ இருக்கிறது. எந்தப் பக்கம் யார் ஏறினால் பலகை நேராக நிற்கும் என்று ஐந்து வயதிலேயே சண்டை பிடித்தவர்களிடம் அதைக் கேட்கலாம். கொக்கான் கல்லைப் பிரித்துக் காட்டிய பிள்ளையிடம் 4 = 3 + 1 என்று தலைகீழாக எழுதிக் காட்டுவதும் முதலாம் தரத்திலேயே செய்யக்கூடியது.

கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்யும் வீட்டுப் பிள்ளைகளிடம் இன்னொரு வகைப் பின்ன அறிவு இருக்கும். குளம் 36 அடி நிறைந்தால் காலபோகத்தில் 20,000 ஏக்கருக்கும் மேல் பாயும். கோடைகாலச் சிறுபோகத்துக்கு அந்த அளவு தண்ணீர் இருக்காது. ஆகவே மாவட்டச் செயலகத்தில் கூட்டம் கூடி, இருக்கும் தண்ணீருக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று முடிவு செய்து, காணி வைத்திருப்போருக்கு ஒரு பங்கு வீதம் பிரிப்பார்கள். ஏக்கருக்கு அரை ஏக்கர் என்று முடிவானால், மூன்று ஏக்கர்க்காரருக்கு ஒன்றரை. இரவுச் சாப்பாட்டின்போது தகப்பன் அதைப் பற்றிக் குறைப்படுவதைப் பிள்ளை கேட்டிருக்கும். மூன்றில் அரைவாசி எடுத்தால் குறையும் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் வலிக்கத் தெரிந்த உண்மை. பின்னாளில் 3 × ½ என்ற கணக்கில், பெருக்கினால் கூடத்தானே வேண்டும் என்று பிள்ளை திகைக்கும்போது, ஆசிரியருக்குச் சிறுபோகப் பங்கு ஞாபகம் வரவேண்டும்.

ஆனால் வன்னிப் பிள்ளை என்றாலே வயற்காரர் பிள்ளை என்று எண்ணிவிடக் கூடாது. கலவரங்களுக்குத் தப்பி மலையகத்திலிருந்து வந்து குடியேறி, கூலி வேலையில் வாழும் குடும்பங்கள் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஏராளம். அவர்கள் வீட்டில் நாட்சம்பளமும் வராத நாளும்தான் கணக்கு. முல்லைத்தீவுக் கரையில் கரைவலைப் பங்கும் மீன் கூறும் கணக்கு. நகரத்தை ஒட்டிய வீடுகளில் ஓட்டோ வாடகை, போனுக்கு ரீலோட். காணியே இல்லாத வீட்டுப் பிள்ளையிடம் சிறுபோகப் பங்கைச் சொல்வது, அப்பிளைக் காட்டுவதற்கு ஒப்பானது.

இங்கேதான் ஆசிரியர் பற்றிய கேள்வி வருகிறது. வன்னிப் பாடசாலைகளில் கற்பிப்போரில் பலர் யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வீதியில் நாளாந்தம் பஸ்ஸில் வந்து போகிறவர்கள். காணியைப் பரப்பில் சொல்லிப் பழகியவருக்கு, ஏக்கரில் சொல்லும் பிள்ளைகள். 16 பரப்பு ஓர் ஏக்கர் என்பது சின்ன விடயம். மணி அடித்ததும் பஸ்ஸைப் பிடிக்க ஓடும் ஒருவருக்குப் பிள்ளை எந்த வீட்டுக்குத் திரும்பிப் போகிறது என்று பார்க்க வாய்ப்பே இல்லை என்பது பெரிய விடயம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பயணமே நாளில் பாதியைத் தின்றுவிடுகிறது. அரிசோனாவின் டூசன் நகரில் லூயிஸ் மோலும் அவருடன் வேலை செய்தவர்களும் 1990களின் தொடக்கத்தில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். மெக்சிக்கோ வம்சாவளிப் பிள்ளைகளின் வீடுகளுக்கு ஆசிரியர்களை அனுப்பினார்கள், பிள்ளையின் குறையைச் சொல்வதற்காக அல்ல, அந்த வீட்டிடம் என்ன அறிவு இருக்கிறது என்று கேட்டு எழுதி வருவதற்காக. விவசாயம், கட்டட வேலை, இயந்திரம் திருத்துதல், வியாபாரம் என்று அவர்கள் குறித்துக்கொண்டு வந்தவை பாடங்களாயின. ஏழை வீட்டில் படிப்பில்லை என்ற முன்முடிவு அந்த வருகைகளில் உடைந்தது.

வன்னியில் அந்த முன்முடிவுக்கு இன்னொரு முகம் உண்டு. இன்று ஆரம்பப் பிரிவில் படிக்கும் பிள்ளையின் தாய், போரின் கடைசி ஆண்டுகளான 2008, 2009இல் தானே ஒரு பாடசாலைப் பிள்ளையாக இருந்திருக்கலாம். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, கடைசியில் செட்டிகுளம் முகாமின் கூடார வகுப்பில் முடிந்த படிப்பு பலருடையது. “எனக்குக் கணக்குத் தெரியாது ரீச்சர்” என்று அவர்களே சொல்வார்கள். தறப்பாள் கூடாரத்தில் நிவாரண அரிசியைப் பிரித்து நாட்களை ஓட்டிய வீட்டில், எத்தனை பேருக்கு எத்தனை நாளைக்கு எவ்வளவு என்ற வகுத்தல் ஒவ்வொரு மாலையும் நடந்தது. அதைக் கணக்கு என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

நம் கலைத்திட்டம் இதற்கெல்லாம் தடை போடவில்லை. 1998இல் கம்பஹாவில் வெள்ளோட்டமாகத் தொடங்கி 1999இல் நாடெங்கும் தரம் 1இல் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தம், ஆரம்பக் கல்வியை வழிகாட்டப்பட்ட விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை என்ற மூன்றின் கலவையாகத்தான் வகுத்தது. முதலாம் தரத்துக்கு வரும் பிள்ளையை இனங்காணும் செயற்பாடுகளும் அதில் உண்டு. காலப்போக்கில் எழுத்து வேலை மற்ற இரண்டையும் விழுங்கிவிட்டது. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் தரம் 3 வரை நீள்கிறது. தனியார் வகுப்பில் விடையை வேகமாகக் குறிக்கப் பழக்குகிறார்கள். கொவிட் மூடல்களுக்குப் பின் 2021இல் நாடு தழுவி நடந்த தரம் 3 மதிப்பீட்டில், எண்ணறிவில் குறைந்தபட்சத் தேர்ச்சியை எட்டியவர்கள் 7 சதவீதம் மட்டுமே. எழுத்தறிவில் அது 34 சதவீதம். எண்ணறிவு இவ்வளவு கீழே கிடக்க, இன்னும் அதிகப் பயிற்சித் தாள்களை அச்சிடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

நேரமில்லை என்று ஆசிரியர்கள் சொல்வது உண்மை. இரண்டு தரங்களைச் சேர்த்து ஒருவரே பார்க்கும் சிறிய பாடசாலைகளில் அது இரட்டிப்பு உண்மை. ஆனாலும் சில விடயங்களுக்கு மேலதிக நேரம் தேவையில்லை. 500 − 370 என்ற கணக்கை எடுப்போம். கடன் எடுத்துக் கழிக்கும் முறையில் பூச்சியத்திலிருந்து ஏழைக் கழிக்க வரும்போது வகுப்பில் பாதி வழுக்கி விழும். பெட்டிக்கடையில் 370 ரூபாவுக்குச் சாமான் வாங்கி 500 ரூபாத் தாளை நீட்டிய பிள்ளையோ கழிப்பதேயில்லை. “முப்பது போட்டா நானூறு, இன்னும் நூறு, அப்ப நூற்றி முப்பது” என்று மேலே ஏறிப் போகிறது. அதை ஒரு கோட்டில் குறித்தால் 370இலிருந்து 400, 400இலிருந்து 500 என்று இரண்டு பாய்ச்சல். பிறகு நிரலாக எழுதும் முறைக்கு வந்து, இரண்டு விடையும் ஒன்றாக இருக்கிறதா என்று பிள்ளையே பார்க்கட்டும். நிரலில் பிழைத்தால் தானே கண்டுகொள்ள அதற்கு ஒரு வழி கிடைத்துவிட்டது.

பெற்றோர் கூட்டமும் ஏற்கெனவே நடப்பதுதான். தவணைப் புள்ளியைச் சொல்லி அனுப்புவதற்கு முன் ஆசிரியர் நாலு கேள்வி கேட்கலாம். வீட்டில் அரிசி அளப்பது யார்? கடைக்குப் போய் மிச்சக் காசு எண்ணி வருவது யார்? பிள்ளை யாரோடு எதைப் பங்கிடுகிறது? பின்னேரம் என்ன விளையாடுகிறது? பதில்களைப் பாடக்குறிப்பின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டால், பெருக்கல் தொடங்கும் நாளில் எந்தப் பிள்ளையிடம் கொத்தையும் சுண்டையும் கேட்பது, எந்தப் பிள்ளையிடம் தகப்பனின் ஓட்டோவுக்கு மூன்று சில்லு, தரிப்பிடத்தில் நிற்கும் ஏழு ஓட்டோவுக்கு எத்தனை என்று கேட்பது, எந்தப் பிள்ளையைக் கொக்கான் கல்லோடு முன்னால் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.